ஈபனுக்குக் கொண்டுபோன கல்

ஹீத்ரோவில் என் பையைத் திறந்த சுங்க அதிகாரி உள்ளே கையை விட்டு, முகத்தைச் சுளித்து, இரண்டு கையாலும் அதை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இது என்ன?"

"கல்."

"தெரிகிறது. எதற்கு?"

"ஒருவருடைய கல்லறையில் வைக்க."

உரித்த தேங்காயைவிடச் சற்றுப் பெரிய கல். சாம்பல் நிறம், வெளிச்சம் பட்டால் அங்கங்கே காக்காய்ப்பொன் மினுங்கும். அதிகாரி அதைப் புரட்டிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். மண் ஒட்டியிருந்தால் உள்ளே விடமாட்டார்களாம். ஒட்டவில்லை. கிளம்புமுன் பாத்திரம் தேய்க்கும் நாரால் அதைத் தேய்த்துக் கழுவியவன் நான்தான்.

"லண்டனில் கல் கிடைக்காது என்று நினைத்துவிட்டீர்களா?" என்று பக்கத்து மேசைக்காரர் கேட்டுச் சிரித்தார்.

"கிடைக்கும். அவர் பெயர்த்த கல் கிடைக்காது" என்றேன். என்னிடம் இருப்பது சமையலறை ஆங்கிலம். அதில் கெஞ்சுவதற்குச் சொற்கள் குறைவு. பல எல்லைகளில் அதனாலேயே எனக்கு நல்லது நடந்திருக்கிறது. பையை மூடிக் கொடுத்துவிட்டார்கள்.

சாத்தூர்ப் பக்கம் பிறந்தவன் நான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கப்பலில் சமையல், துபாயில் கேண்டீன், சுவிட்சர்லாந்தில் பாத்திரம் கழுவுதல், பிறகு அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் ஒரு சிறு விடுதியில் அடுப்படி வேலை. அந்த விடுதி டாரத்தி என்ற வயதான அம்மாளுடையது. கல்யாணம் செய்துகொள்ளாதவர், அந்தக் குடும்பத்தின் கடைசி ஆள். ஊருக்குப் போகிறேன், வழியில் லண்டனில் சில நாள் தங்குவேன் என்று சொன்னபோது, தோட்டத்துக் கல் வேலியிலிருந்து இந்தக் கல்லை உருவி என் கையில் கொடுத்தார்.

விடுதி இருக்கும் அந்த ஊருக்கு நடுவே ஒரு பாறை உண்டு. முதலில் வந்து காட்டை அழித்துக் குடியேறியவர்களின் பெயர்களை அதில் வெட்டி வைத்திருக்கிறார்கள். டாரத்தியின் முன்னோர் ஈபன் அவர்களில் முதலாமவர். அவர் பெயர் மட்டும் அதில் இல்லை.

ஈபன் லண்டனில் பிறந்தவர். கப்பலேறிப் போய் அந்தக் குளிரில் மரம் வெட்டினார், நிலத்திலிருந்து கல் பொறுக்கினார், பொறுக்கிய கல்லை வேலியாக அடுக்கினார். ஆங்கிலேய அரசனுடைய படையில் சேர்ந்து காட்டுக்குள் பிரெஞ்சுக்காரர்களோடு சண்டை போட்டார். பனியில் இரண்டு விரல் கருகி விழுந்தது. பின்னாளில் அக்கம்பக்கத்தார் விடுதலை கேட்டு அதே அரசனை எதிர்த்து எழுந்து, எங்கள் பக்கம் சத்தியம் செய் என்றார்கள். ஒரு வாய்க்கு ஒரு சத்தியம் போதும் என்று சொல்லிவிட்டார். களஞ்சியத்தைக் கொளுத்தினார்கள், நிலத்தைப் பிடுங்கினார்கள். மனைவியும் மகளும் அங்கேயே தங்கிவிட்டார்கள். அவர் தனியாக லண்டனுக்குத் திரும்பி, இழந்ததைக் கேட்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, கடைசியில் தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் ஒரு தேவாலய வளாகத்தில் புதைக்கப்பட்டார். ஜெயித்தவர்கள் அவரைத் துரோகி என்றார்கள். தோற்றவர்கள் மறந்தே போனார்கள்.

"பாறையில் பெயரை வெட்டு என்று முப்பது கூட்டத்திலாவது கத்தியிருப்பேன்" என்றார் டாரத்தி. "இனிக் கத்த மூச்சில்லை. எனக்குப் பிறகு அவரைக் கேட்பதற்கும் ஆளில்லை. அவருடைய நிலத்துக் கல் ஒன்றாவது அவர்மேல் இருக்கட்டும். வைத்துவிட்டு எனக்கு ஒரு படம் அனுப்பு."

இதுதான் நான் லண்டனுக்குக் கொண்டுபோன வேலை.

தங்குமிடம் ஸ்ட்ரெதத்தில், குகன் அண்ணன் வீட்டில். சுவிஸில் ஒரே தொட்டியில் பாத்திரம் கழுவியவர்கள் நாங்கள். பிறகு அவர் மனைவி மங்கையோடு லண்டனுக்கு வந்து, இப்போது கடைகளுக்குச் சரக்குப் போடும் வேன் ஓட்டுகிறார். மங்கை அக்காவுக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் ஷிப்ட்.

அவர்கள் வீட்டுக்குப் போகும் பேருந்து பாதி வழியில், ஒரு கோழிக்கடை வாசலில், "இந்தப் பேருந்து இத்துடன் முடிகிறது" என்று பதிவுக் குரலில் சொல்லி நின்றுவிட்டது. காரணம் சொல்லவில்லை. எங்கள் ஊரில் இப்படி இறக்கிவிட்டால் கண்டக்டர் சட்டையில் பொத்தான் மிஞ்சாது. இங்கே எல்லோரும் ஒரு பெருமூச்சோடு இறங்கி, மழையில் வரிசையாக நின்றார்கள். நான் கல்லைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். தோள்பட்டை கன்றிப்போனது. இதைவிடப் பெரிய சுமைகளைப் பார்த்த தோள்தான்.

குகன் அண்ணன் கதவைத் திறந்து பையை வாங்கினார். வாங்கிய வேகத்தில் அது தரையில் இறங்கியது.

"என்னடாப்பா, அமெரிக்காவிலயிருந்து அம்மியோ கொண்டு வந்தனி?"

ராத்திரிக்குப் புட்டும் கணவாய்க் கறியும். எங்கள் பக்கப் புட்டு இனிப்பு. இவர்களுடையது தேங்காய்ப்பூவும் உப்பும் கலந்தது, கறியைக் குடித்துக்கொண்டே போகும். நான் சாப்பிட்டபடி ஈபன் கதையைச் சொன்னேன். இழந்ததற்கு ஆதாரம் கொண்டுவா, சாட்சி கொண்டுவா என்று அதிகாரிகள் அவரை அலைய வைத்த இடம் வந்ததும் அண்ணன் கையை உதறிச் சிரித்தார்.

"அப்ப அந்தாளுக்கும் அகதிக் கேஸ்தான். ரிஜெக்ட் பண்ணியிருப்பினமே."

"சிரியுங்கோ" என்றார் மங்கை அக்கா. "உங்கட கேஸ் எத்தினை முறை ரிஜெக்ட் ஆனது எண்டு தம்பிக்குச் சொல்லட்டோ?"

மறுநாள் நான் தனியாகத் தென்கரைக்குப் போனேன். தேவாலயம் இருந்தது. வளாகமும் இருந்தது. கல்லறைகள் இல்லை. நடுவில் நல்ல பச்சைப் புல்வெளி, ஓரத்தில் பெஞ்சுகள், அலுவலகக்காரர்கள் மடியில் சாண்ட்விச்சை வைத்துக்கொண்டு மதிய வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். கல்லறைக் கற்களையெல்லாம் எந்தக் காலத்திலோ பிடுங்கி, சுற்றுச்சுவரில் வரிசையாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் தாமதமாக வந்த பிள்ளைகளை நிறுத்துவதுபோல. பாதிக் கற்களில் எழுத்தே இல்லை. மழை தின்றுவிட்டது.

பச்சைச் சட்டை போட்ட தோட்டக்காவலர் ஒருவர் இலை கூட்டிக்கொண்டிருந்தார். நெடிய ஆள், பெற்றோர் ஜமேக்காவிலிருந்து வந்தவர்கள், பெயர் கிளைவ். ஈபனைப் பற்றிக் கேட்டேன்.

"எல்லோரும் இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள்" என்று துடைப்பத்தால் புல்லைக் காட்டினார். "கல்லைத்தான் நகர்த்தினார்கள், ஆட்களை அல்ல. யார் எங்கே என்று யாருக்கும் தெரியாது. ஏழைகளுக்கு அந்தக் காலத்திலும் கல் கிடையாது."

"நான் ஒரு கல் வைக்கலாமா?"

"கூடாது. பூ வைக்கலாம், வாடியதும் எடுத்துவிடுவேன். கல் கூடாது."

பெஞ்சில் உட்கார்ந்து நானும் ஒரு சாண்ட்விச் தின்றேன். குளிர்ந்த ரொட்டிக்கு நடுவே குளிர்ந்த முட்டை. கீழே படுத்திருப்பவர்கள் எழுந்து வந்து கேட்டால்கூட ஒரு வாய் கொடுக்கத் தோன்றாது. அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது.

மாலையில் அதை அண்ணனிடம் சொன்னேன். "சுவரோரம் சாத்தியிருக்கிற கல்லுல நல்ல கல்லா ஒண்ணு பார்த்து, அது காலடியில நம்ம கல்லை வச்சு ஒரு போட்டோ எடுத்துட்டு வந்திடலாம்ணே. எழுத்தும் தெரியாது. அந்தம்மா மனசும் ஆறிடும்."

"நல்லது. கிழவிக்கு அங்கை என்ன தெரியப்போகுது."

அடுப்படியில் மீன் அலசிக்கொண்டிருந்த மங்கை அக்கா குழாயை நிறுத்தினார்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

கையைத் துடைத்துக்கொண்டு வந்து எங்கள் எதிரில் உட்கார்ந்தார். அவருக்கு ஒரு தம்பி இருந்தது எனக்குத் தெரியும். போராடப் போய்ச் செத்தவன் என்பதும் தெரியும். அதற்குமேல் இத்தனை ஆண்டுகளில் அவர் பேசியதில்லை.

"எங்கட ஆக்கள் செத்தால் எரிக்கிறது. ஆனா இயக்கத்துக்குப் போன பிள்ளையளை எரிக்கிறேல்லை, தாட்டு, மேல கல்லு வைக்கிறது. வருசத்திலை ஒருநாள் எல்லாத் தாய்மாரும் போய் விளக்குக் கொளுத்துவினம். சண்டை முடிஞ்சாப் பிறகு மெஷின் விட்டு எல்லாக் கல்லையும் இடிச்சு மட்டமாக்கிப்போட்டினம். அம்மாவாலை அதைத் தாங்க ஏலாமப் போச்சு. அப்ப ஆரோ ஒரு நல்ல மனுசன் பழைய போட்டோ ஒண்டு தேடி அனுப்பினவர், இதுதான் உங்கட மகன்ர கல் எண்டு. அம்மா அதைச் சட்டம் போட்டு வைச்சு, சாகும்மட்டும் பூ வைச்சவ."

"நல்ல விசயம்தானே அக்கா" என்றேன்.

"அது அவன்ர கல் இல்லை, தம்பி. அவன் வேலிக் கரையிலை, வேப்பமரத்துக்குக் கீழ. நான் போயிருக்கிறன், எனக்குத் தெரியும். அம்மாவுக்கு நான் சொல்லேல்லை. ஆரோ ஒருத்தரின்ர பிள்ளைக்கு எங்கட அம்மா அழுதவ. எங்கட பிள்ளைக்கு ஆரும் அழேல்லை." கல் இருந்த பையைக் காட்டினார். "இப்ப உந்தக் கிழவிக்கும் பொய்ப் படமோ? அப்பிடியெண்டால் கல்லைக் கொண்டுபோய்த் தேம்ஸிலை போடுங்கோ. படம் மட்டும் எடுக்க ஏலாது."

அண்ணன் தொண்டையைச் செருமினார். "இவ்வளவு பாடுபடுறதுக்கு அவர் என்ன பெரிய ஆளே? அவர் போய்ப் பிடிச்சதும் ஆரோ செவ்விந்தியன்ர காணிதானே."

அது உண்மை. டாரத்தியே என்னிடம் அதைச் சொல்லியிருக்கிறார். அந்த ஆட்களின் பெயரையும் பாறையில் வெட்டு என்று கூட்டத்தில் கேட்டு, பைத்தியம் என்று பெயர் வாங்கியவர்.

"அவன்ர பிழையைக் கதைக்கிறதெண்டாலும் அவன் எங்கை கிடக்கிறான் எண்டு முதல் தெரியவேணும்" என்றார் அக்கா. "கிழவிக்குப் போன் எடுங்கோ. உள்ளதைச் சொல்லுங்கோ."

எடுத்தேன். கல்லறை இல்லை, புல்வெளிதான் இருக்கிறது, கீழே எங்கேயோ இருக்கிறார், எங்கே என்று தெரியாது என்று உள்ளபடியே சொன்னேன். அழுவார் என்று நினைத்தேன்.

"அங்கே ஆட்கள் வருகிறார்களா?" என்று கேட்டார்.

"மதியச் சாப்பாட்டுக்கு வருகிறார்கள்."

"அப்படியானால் அவர்கள் கால் நீட்டும் இடத்தில், நடுவில் வை. யாராவது இடறி விழட்டும். விழுந்தவன் இது யார் கல் என்று கேட்பான்."

நான் இதைத் தமிழில் சொன்னதும் மங்கை அக்கா முதல்முறையாகச் சிரித்தார். "இந்த மனுசிக்கு எங்கட ஊரிலை ஒரு காணி எழுதிக் குடுக்கலாம்."

வெள்ளிக்கிழமை அக்கா என்னை வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்கு இழுத்துப் போனார். போகும்போது ரயில் மாறவேண்டிய இடத்தில் இருவரும் பேச்சில் மாறாமல் விட்டு, இரண்டு நிலையம் தள்ளி இறங்கித் திரும்பி வந்தோம். அர்ச்சனைக்குப் பெயர் கேட்ட ஐயரிடம் அக்கா தன் தம்பி பெயரைச் சொன்னார். அடுத்து, "ஈபன்" என்றார். ஐயர் தலையை நிமிர்த்தினார்.

"நட்சத்திரம்?"

"தெரியாது."

"கோத்திரம்?"

"அதுவும் தெரியாது. லண்டன் ஆள்தான். நீங்கள் சொல்லுங்கோ."

ஐயர் சொன்னார். மந்திரத்துக்கு நடுவே அந்தப் பெயர் வந்தபோது பின்னால் நின்ற இரண்டு இளம் பெண்கள் தங்களுக்குள் ஆங்கிலத்தில் கிசுகிசுத்தார்கள். "ஆன்ட்டி யாரையாவது மதம் மாத்திட்டாங்களா?" அக்கா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். தினமும் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறவரின் பார்வை அது. கிசுகிசு நின்றது. பிரசாதமாகக் கொடுத்த புக்கை, எங்கள் ஊர்ச் சர்க்கரைப் பொங்கல்தான், நெய் மணத்தது. இரண்டாம் முறை வாங்கித் தின்றேன். வெளியே வந்து அக்கா ஒரு மண் சட்டி விளக்கு வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் சனிக்கிழமை, அவருக்கு ஷிப்ட் இல்லை. மழையும் இல்லை. நான் கல்லைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். தேவாலய வளாகத்தில் சுவரோரப் பூச்செடிப் பாத்திக்குச் சிறு கற்களால் வரம்பு கட்டியிருந்தது கண்ணில் பட்டது. அதில் ஒரு கல் பெயர்ந்த இடமும் இருந்தது.

"அக்கா, இதுல சொருகிடலாம். எவனுக்கும் தெரியாது. எடுக்கவும் மாட்டாங்க."

"ஒளிச்சு வைக்கிறதுக்கோ அந்த மனுசி கடல் தாண்டி அனுப்பினவ? ஒளிச்சு வாழ்ந்தது போதும். நடுவிலை வையுங்கோ."

"நடுவுலதான் அவரு இருக்காருன்னு என்ன நிச்சயம்?"

"ஒரு நிச்சயமும் இல்லை. எங்கட சனம் பிறகு அங்கை திரும்பிப் போய், உடைஞ்ச கல்லுகளைப் பொறுக்கி நடுவிலைதான் குவிச்சு வைச்சதுகள். ஆரின்ர கல் எண்டு பாக்கேல்லை. எல்லாருக்கும் பொதுவா ஒரு இடம், எல்லாருக்கும் சேர்த்து விளக்கு. பொய் சொல்லி ஒருத்தன்ர தலைமாட்டிலை வைக்கிறதிலும் அது நேர்மை."

புல்வெளிக்கு நடுவே கல்லை வைத்தேன். ஒரு இளைஞன் பக்கத்தில் சாய்ந்து ஏதோ தின்றுகொண்டிருந்தான். தன் பையை நகர்த்தி எங்களுக்கு இடம் விட்டான். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, குந்தியிருந்து, சட்டியில் தேங்காயெண்ணெய் ஊற்றித் திரி போட்டுக் கொளுத்தினார். காற்றுக்கு இரண்டு முறை அணைந்தது. மூன்றாம் முறை நான் கல்லை நகர்த்திக் காற்றை மறைத்தேன். எங்கள் பக்கம் கண்மாய்க் கரையில் குதிரைமேல் ஈட்டியோடு ஒருவனைச் செதுக்கிய கல் உண்டு. யாருக்கு எதிராக எவன் செத்தான் என்று எவருக்கும் தெரியாது. ஆடு மேய்ப்பவர்கள் அதற்கு எண்ணெய் தடவிவிட்டுப் போவார்கள். எனக்கு இந்தக் காரியம் அப்படியொன்றும் அந்நியமாகத் தெரியவில்லை.

கிளைவ் வந்தார். துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"உன்னிடம் சொன்னேன்" என்றார் என்னைப் பார்த்து.

"நான்தான் வைத்தேன்" என்றார் மங்கை அக்கா ஆங்கிலத்தில், குந்தியபடியே.

"அம்மா, இதற்கு அனுமதி வேண்டும்."

"நான் அனுமதி கேட்கவில்லை. செய்தி சொல்கிறேன். இதற்குக் கீழே ஆட்கள் இருக்கிறார்கள். அதில் ஒருவர் ஈபன். இது அவர் நிலத்துக் கல்."

"உங்கள் உறவா?"

"இல்லை."

"பிறகு உங்களுக்கு என்ன?"

"உங்களுக்கு என்ன உறவு? தினமும் அவர்கள்மேல் கூட்டுகிறீர்கள்."

கிளைவ் துடைப்பத்தால் கல்லைத் தட்டிக் காட்டினார். "திங்கட்கிழமை புல் வெட்டும் மெஷின் ஓட்டுவேன். பிளேடு இதில் பட்டால் உடைந்துவிடும்."

மெஷின் என்ற சொல்லில் அக்காவின் முகம் இறுகியது. எழுந்து நின்றார். நின்றாலும் கிளைவின் மார்புவரைதான் வந்தார்.

"மெஷினை நிறுத்துங்கள். கல்லை எடுங்கள். வெட்டுங்கள். திரும்ப வையுங்கள். மெஷின் ஓட்டுகிறவருக்குக் கையும் இருக்கிறது."

"வைக்காவிட்டால்?"

"நான் வந்து வைப்பேன். ஒவ்வொரு சனியும் எனக்கு ஷிப்ட் இல்லை."

சாப்பிட்டுக்கொண்டிருந்த இளைஞன் மெல்லுவதை நிறுத்தியிருந்தான். "யார் அந்த ஈபன்?" என்று கேட்டான். டாரத்தி சொன்னது பலித்தது, யாரும் இடறி விழாமலே. நான் சொன்னேன். விரல் உதிர்ந்த கதை, ஒரு சத்தியக் கதை, பிடுங்கிய நிலம், பிடுங்கப்பட்ட நிலம் எல்லாவற்றையும் சொன்னேன். கிளைவ் துடைப்பத்தில் சாய்ந்தபடி கேட்டார். முடிந்ததும், விளக்கைச் சுற்றியிருந்த காய்ந்த இலைகளை மட்டும் கூட்டி எடுத்துக்கொண்டு போனார். தீப்பிடிக்கக் கூடாதல்லவா.

படத்தை அங்கிருந்தே டாரத்திக்கு அனுப்பினேன்: புல், கல், விளக்கு, ஓரத்தில் ஒரு சாண்ட்விச் உறை. திங்கட்கிழமை விமானமேறினேன்.

ஊரில் எனக்குக் கால் தரிக்கவில்லை. இப்போது மஸ்கட்டில் ஒரு கேண்டீனில் இருக்கிறேன். மங்கை அக்கா படம் அனுப்பிக்கொண்டே இருந்தார். முதல் வாரம் கல் கருவிக் கொட்டகைக்குப் பின்னால் கிடந்ததாம். "என்ர கல் எங்கை எண்டு கேட்டன், கையைக் காட்டினார், தூக்கிக்கொண்டு வந்து வைச்சன்." அடுத்த வாரமும் கொட்டகை. அதற்கடுத்த வாரமும். குகன் அண்ணன் முதுகு வலிக்கிறது என்று புலம்பியபடி கூடப் போய்த் தூக்கியிருக்கிறார். பனிக்காலத்தில் மெஷின் ஓய்ந்தது. கல் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. டாரத்தி அந்தப் படத்தைப் பெரிதாக்கி, விடுதியில் சாவி கொடுக்கும் மேசைக்குமேல் மாட்டியிருக்கிறார். சாவி கேட்டு வருகிறவர்கள் கதையை முழுக்கக் கேட்டால்தான் அறைக்குப் போகமுடியுமாம்.

வசந்தத்தில் புல் வளர்ந்து மறுபடி மெஷின் வெளியே வந்தது. அந்தச் சனிக்கிழமை அக்கா படம் அனுப்பவில்லை, போனே எடுத்தார்.

"தம்பி, திங்கட்கிழமை மழையிலை வெட்டேல்லையாம், இண்டைக்கு நான் போகேக்கை கிளைவ் வெட்டிக்கொண்டு நிண்டவர். கல்லைத் தூக்கிப் பெஞ்சிலை வைச்சிருந்தார். கல் இருந்த இடத்திலை புல்லு வெளுத்து, கல்லின்ர வடிவிலையே அடையாளம் இருக்கு. நான் ஒண்டும் கதைக்கேல்லை, பாத்துக்கொண்டு நிண்டனான். வெட்டி முடிச்சு, மெஷினை நிப்பாட்டி, கல்லைத் தூக்கிக்கொண்டு வந்து, திருப்பிப் பாத்து, அந்த அடையாளத்திலை சரியாப் பொருத்தி வைச்சவர்."

பின்னால் குகன் அண்ணன் குரல் கேட்டது: "இனிமேல் அதிலை புல்லு முளைக்காது எண்டு சொல்லு."

"முளைக்க விடமாட்டன்" என்றார் அக்கா. "கல்லை எடுத்தாலும் இனி இடம் தெரியும். ஆரும் வந்து அங்கை ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லட்டும், பாப்பம்."